ஷைனியின் அரை நொடி

ஷைனி தன் வாழ்க்கையில் பேசிய முதல் சொல், “நாறுது.”

அப்போது அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. சென்னையிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்து, குளிக்காமல் நேரே தூத்துக்குடி மறுவாழ்வு மையத்துக்குள் நுழைந்திருந்த பொறியாளர் நந்தகோபால், அவளுடைய சக்கர நாற்காலியின் முன்னால் மண்டியிட்டான். தாடைக்கு அடியில் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டினான். பொத்தான் அளவு ஒலிபெருக்கியைச் சட்டைக் காலரில் குத்தினான். “பாப்பா, இப்ப ஏதாவது சொல்லணும்னு நெனச்சுக்கோ” என்றான். காலர் உடனே சொல்லிவிட்டது.

அம்மா ரெஜினா அழுதாள். அப்பா சேவியர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நந்தகோபால் மட்டும் தன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “சரியாத்தான் சொல்றா” என்றான்.

பிறக்கும்போது மூச்சு அடைத்துக்கொண்டதில் ஷைனியின் கைகால்களும் நாக்கும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. மூளை முடக்குவாதம் என்று மருத்துவர்கள் பெயர் சொன்னார்கள். காதிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை. ஐந்து வருடமாக அழுகையின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் அது பசியா வலியா என்று ரெஜினா ஊகித்துவந்தாள். அவளுக்கு மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஊரில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், தன் மகளைத் தவிர.

“இது எப்படித் தம்பி வேல செய்யுது?” என்று கேட்டாள் ரெஜினா.

“நாம பேசறதுக்கு முன்னாடியே அந்த வார்த்தை தொண்டை நரம்புல லேசா ஒரு துடிப்பு துடிக்கும்க்கா. வாய் ஒத்துழைக்காட்டியும் அந்தத் துடிப்பு வரும். பட்டை அதைப் பிடிச்சு அப்படியே வெளிய சொல்லிடும். நடுவுல ஒண்ணையும் மாத்தாது, சேர்க்காது. அதான் எங்க கம்பெனியோட பெருமை.”

அந்தப் பெருமையின் முழு அர்த்தமும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சேவியரின் அக்கா மீன்குழம்போடு வந்து, “அத்த வச்ச கொழம்பு எப்படிட்டி இருக்கு?” என்று ஆசையாகக் கேட்டாள். “உப்பு. அம்மாவும் எப்பவும் அதத்தான் சொல்லுவா” என்றது காலர். அத்தை பாத்திரத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினாள். ஞாயிறு பூசையில் சாமியார் நீண்ட பிரசங்கத்தின் இடையில் மூச்சு வாங்கிய ஒரு கணத்தில், “முடிஞ்சிட்டா?” என்று கோயில் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ “ஆமென்” என்றார்கள்.

ரெஜினாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. ராத்திரி மகள் முனகினால், “எங்கட்டி வலிக்கி?” என்று கேட்பாள். “வலது முட்டி” என்று பதில் வரும். முட்டியை நீவிவிட்டால் தூங்கிப்போவாள். அவ்வளவுதான். அந்த ஒரு பதிலுக்காக ஊரிலுள்ள அத்தைகள் எல்லோரையும் பகைத்துக்கொள்ள அவள் தயாராக இருந்தாள்.

ஜூன் மாதம் கடற்கரைப் பக்கமுள்ள ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். தலைமையாசிரியை தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். “காலாண்டு வரைக்கும் பாப்போம்மா. பிள்ளைகளோட ஒட்டிட்டான்னா இங்கயே படிக்கட்டும். ஒட்டலன்னா திருநெல்வேலில விடுதியோட நல்ல சிறப்புப் பள்ளி இருக்கு. ஒதுங்கி உக்காந்து அழுகுறதுக்கு அது எவ்வளவோ மேல், இல்லையா?” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் விடுதி என்ற சொல்லைக் கேட்டதும் ரெஜினாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது.

முதல் வாரம் கல்யாண வீடு போல இருந்தது. வாய் அசையாமல் பேசுகிற பெண்ணைப் பார்க்க ஐந்தாம் வகுப்பிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்தார்கள். நாற்காலியைத் தள்ளும் உரிமைக்கு அடிதடி நடந்தது. கடைசியில் சுடலைமணி என்ற பையன் அதைக் கைப்பற்றினான். மெலிந்த உடம்பு, முன்பல் இரண்டும் இல்லை, வாயால் லாரி ஹாரன் அடிப்பதில் வல்லவன். இடைவேளை மணி அடித்ததும், “ஏல, தள்ளு தள்ளு, பதினாறு சக்கர வண்டி வருது!” என்று கத்திக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றி நாற்காலியை ஓட்டுவான். ஷைனியின் காலர், “இன்னும் வேகமா, இன்னும் வேகமா” என்று அலறும். அவள் தொண்டையிலிருந்து அவளுடைய சொந்தச் சிரிப்பும் கரகரவென்று வரும். சிரிப்புக்குப் பட்டை தேவைப்படவில்லை.

பிரச்சினை ஆரம்பித்தது கரும்பலகையில்.

டீச்சர் வகுப்பை விட்டு வெளியே போனால் லீடர் எழுந்து நின்று, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ மாறிவிட்டது. மினிபஸ்ஸுக்கு டிரைவர் இல்லை. சேவியர் துறைமுகக் கிரேனை ஏசி அறையில் திரையைப் பார்த்தபடி ஓட்டுகிறான். இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. லீடர் தனக்கு மிட்டாய் கொடுத்தவனின் பெயரை எழுத மாட்டான் என்பதும் மாறவில்லை.

அந்த வகுப்பின் சண்முகவடிவு டீச்சர் இது தெரியாதவரல்ல. ஒருநாள் திரும்பி வந்தபோது பலகையில் ஒரே ஒரு பெயர் இருந்தது. வகுப்பின் இரைச்சலோ வாசல்வரை கேட்டிருந்தது. டீச்சரின் கண் முதல் வரிசையில் இருந்த ஷைனியின்மேல் விழுந்தது.

“ஷைனி, நீ சொல்லு. யாரெல்லாம் பேசினா?”

“சுடலைமணி, பெனிட்டா, லீடர், ரமீஸ், அப்புறம் சுடலைமணி” என்றது காலர். கேள்வி முடிவதற்குள் பதில் முடிந்திருந்தது.

டீச்சருக்கு வியப்பு. லீடரையே காட்டிக்கொடுக்கும் சாட்சி! அன்று முதல் கரும்பலகைக்கு வேலை இல்லாமல் போனது. விஷயம் ஆசிரியர் அறைக்குப் பரவியது. நான்காம் வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல்போனது, கொய்யா மரத்தில் கல் விழுந்தது, எல்லாவற்றுக்கும் ஷைனியின் நாற்காலி அழைத்துச் செல்லப்பட்டது. “அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. மிஷினே அப்படி” என்று டீச்சர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. நாற்காலி வரும் சத்தம் கேட்டால் பேச்சு நின்றது. யாரும் அவளை அடிக்கவில்லை, கிள்ளவில்லை. அடித்தால் அதையும் சொல்லிவிடுவாளே! இடைவேளையில் வகுப்பு காலியானது, ஷைனி முதல் வரிசையிலேயே இருந்தாள். வேப்பமரத்தடியில் சுடலைமணி இப்போது ஒரு பழைய டயரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

மாலையில் வீட்டில் இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே ரெஜினா கேட்டாள். “இன்னைக்கு என்ன நடந்துச்சி?”

தினமும் கேட்கிற கேள்விதான். தினமும் பதில் ஆறாகக் கொட்டும். அன்றும் கொட்டியது.

“சுடலைமணி என்னக் கோள்மூட்டின்னான். நான் இல்லன்னேன். டீச்சர் யாரு ஜன்னல்ல எச்சி துப்புனான்னு கேட்டாவ. சுடலைன்னு சொல்லிட்டேன்.”

“ஏம்ட்டி சொன்ன? அவன் உன் கூட்டாளில்லா?”

“சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். நெனைக்கதுக்குள்ள அது சொல்லிருச்சி.”

ரெஜினாவின் விரலில் இட்லி அப்படியே நின்றது. ஷைனி அழ ஆரம்பித்தாள். எங்கே வலிக்கிறது என்று ரெஜினா கேட்கவில்லை.

மறுநாள் நந்தகோபாலை அழைத்தாள். திருநெல்வேலியில் வேறொரு பிள்ளைக்குப் பட்டை மாற்ற வந்திருந்தவன் சாயங்காலம் வீட்டுக்கே வந்தான். இந்த முறை குளித்திருந்தான்.

“மிஷின்ல தப்பில்லக்கா” என்றான். “கேள்வி காதுல விழுந்ததும் மனசுல முதல்ல எழறது உண்மையான பதில்தான். எனக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான். அதை மாத்தணும், மறைக்கணும், இல்ல வாயை மூடிக்கணும்னு முடிவெடுக்க நமக்கு அரை நொடி ஆகும். பட்டை அந்த அரை நொடிக்காகக் காத்திருக்காது. முதல்ல வர்றதை எடுத்துடும்.”

“அப்ப அந்த அர நொடிய என் மவளுக்குக் குடுங்க தம்பி.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“கம்பெனில ஒத்துக்க மாட்டாங்கக்கா. உடனடிப் பேச்சுன்னு சொல்லித்தான் விக்கிறோம். அதுக்கு மேல, சொன்னது ஒண்ணு வந்தது ஒண்ணுன்னு யாரும் கேஸ் போட்டுடக் கூடாதுன்னு பயம்.”

“செய்ய முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க.”

“செய்றது சுலபம். அவளால அசைக்க முடியற தசை ஒண்ணு வேணும். வார்த்தை எழுந்ததும் காத்திருக்கும். அவ அந்தத் தசையை அசைச்சா வெளிய வரும். அசைக்கலன்னா உள்ளேயே கரைஞ்சிடும்.” அவன் கொஞ்சம் தயங்கினான். “ஆனா நீங்க யோசிக்கணும்க்கா. இப்ப அவ வயிறு வலிக்குதுன்னா வலிக்குது. நாளைக்கு அப்படிச் சொன்னா, வலியா இல்ல ஸ்கூலுக்கு மட்டம் போடவான்னு உங்களுக்குத் தெரியாது. அஞ்சு வருஷம் ஊகிச்சது போதாதா?”

ராத்திரியின் வலது முட்டி ரெஜினாவின் நினைவுக்கு வந்தது. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தாள்.

“எந்த அம்மாவுக்குத் தம்பி தெரியுது?” என்றாள்.

பேச்சு முழுவதையும் நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஷைனியிடம் நந்தகோபால் திரும்பினான். “உனக்கு எது நல்லா அசையும்? புருவமா, கால்விரலா?”

“கால் கட்டவெரல்” என்றது காலர். “ஷூ போட்டா யாருக்கும் தெரியாது.”

“பாத்தீங்களா, பொய் சொல்ல முழுத் தகுதியும் வந்தாச்சு” என்றான் நந்தகோபால். சோதனை முயற்சி என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னான். இரண்டு நாளில் கால்விரலுக்கான உணரியோடு வருவதாகவும் சொன்னான்.

அதற்குள் பள்ளியில் சொல்லிவிடுவது முறை என்று ரெஜினா நினைத்தாள். அது அவ்வளவு நல்ல யோசனையாக இல்லை.

“என்னம்மா இது?” சண்முகவடிவு டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “நாங்க பிள்ளைகளுக்கு உண்ம பேசச் சொல்லிக் குடுக்கோம். நீ காசு குடுத்து வாங்கின மிஷினுக்குப் பொய் சொல்லப் பழக்குத. இந்தப் பள்ளிக்கூடத்துலயே உண்ம பேசுத ஒரே பிள்ள உன் மவதான், தெரியுமா?”

“அதனாலதான் டீச்சர் அவகூட ஒரு பிள்ளையும் பேச மாட்டேங்கு.”

“போகப் போகப் பழகிருவாங்க.”

“காலாண்டு வரப்போவுது டீச்சர். அப்புறம் திருநெல்வேலி விடுதிதான்.” ரெஜினா சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள். “ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுத்துக்காதீங்க. மொத நாள் என் மவ வாயில எச்சி வடிய, கழுத்து தொங்க உங்க வகுப்புக்கு வந்தா. நீங்க ‘வாடா கண்ணு’ன்னு கூப்பிட்டீங்க. அதுக்கு முன்னால, உங்க மனசுல மொதல்ல வந்தது என்ன?”

டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த பக்கத்தையே மறுபடியும் துடைத்தார்.

“அதச் சொன்னா நீ எங்கூடப் பேச மாட்ட” என்றார் கடைசியில்.

“சொல்ல வேண்டாம் டீச்சர். ‘வாடா கண்ணு’ன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு வேணும். யோசிச்சில்லா சொன்னீங்க. என் மவளும் யோசிச்சிச் சொல்லட்டுமே.”

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

புதிய ஏற்பாட்டோடு ஷைனி பள்ளிக்கு வந்த முதல் நாள், டீச்சர் வேண்டுமென்றே ஆசிரியர் அறைக்குப் போய்விட்டுத் திரும்பினார். மீன் ஏலம் நடப்பது போல் வகுப்பு இரைந்துகொண்டிருந்தது. அவரைக் கண்டதும் அடங்கியது.

“ஷைனி, யாரு பேசினா?”

வகுப்பு முழுவதும் அந்தக் காலரையே பார்த்தது. சுடலைமணி எழுந்து நிற்கவே தயாராகிவிட்டான். காலர் ஒன்றும் சொல்லவில்லை. ஷைனியின் முகம் சிவந்தது. பள்ளியில் முதல்முறையாக அவளிடம் கேட்ட கேள்விக்குப் பதிலாக அமைதி வந்தது. பின்னர்:

“யாரும் பேசல டீச்சர்.”

இவ்வளவு மோசமான பொய்யை அந்த வகுப்பு கேட்டதில்லை. ரமீஸ்தான் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத எழுத்தை அழிக்கத் தொடங்கினார். அவர் தோள்கள் குலுங்கின.

இடைவேளை மணி அடித்ததும் சுடலைமணி முதல் வரிசைக்கு வந்தான். சற்று நேரம் சக்கரத்தை உதைத்துக்கொண்டு நின்றான்.

“ஏட்டி, உனக்குப் பொய் சொல்லவே தெரியல” என்றான்.

“நீ சொல்லிக்குடு” என்றாள் ஷைனி.

“அது பெரிய வேல. கொஞ்சங் கொஞ்சமாத்தான் வரும்.” அவன் நாற்காலிக்குப் பின்னால் போனான். லாரி ஹாரன் அடித்தது.

அவன் நல்ல வாத்தியார் என்று பிறகு தெரிந்தது. காலாண்டுப் பரீட்சை நெருங்கிய ஒரு நாள் மத்தியானம் டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஓர் உயிருள்ள நண்டு வெளியே பாய்ந்தது. டீச்சர் நாற்காலிமேல் ஏறினார். ஒன்றாம் வகுப்பு பெஞ்சுமேல் ஏறியது. தலைமையாசிரியை வந்தார். நண்டு எந்த மரியாதையும் இல்லாமல் அவர் செருப்பைக் கடந்து வராண்டாவில் இறங்கிப் போனது.

ரெஜினாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போகும் வழியெல்லாம் அவள் மனதில் திருநெல்வேலி ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார்.

“கேளும்மா. சுடலைதான் செஞ்சிருக்கான், கைவெரல்ல நண்டு கடிச்ச காயம்கூட இருக்கு. நான் உன் மவகிட்ட கேக்கேன். அவ என்ன சொல்லுதா தெரியுமா? ‘சுடல இடைவேள பூரா என்கூடத்தான் இருந்தான் டீச்சர். அவன் வெரல்ல கடிச்சது என் சக்கரம்.’ எப்படி? அப்படியே என் கண்ணப் பாத்துச் சொல்லுதா! கண்ணுகூட சிமிட்டல!”

“ஐயோ டீச்சர், நான் வீட்டுல கண்டிச்சி...”

“என்னத்தக் கண்டிக்க? ஹெச்.எம். அம்மா பக்கத்துலதான் நின்னாவ. கேட்டுட்டு ஒரு வார்த்த சொன்னாவ.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “‘ஒட்டாத பிள்ளைக்காக எந்தப் பிள்ளையும் இப்படிப் பொய் சொல்லாது. திருநெல்வேலிப் பேச்ச இத்தோட விட்டுருங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ.”

ரெஜினா வகுப்புக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே சுடலைமணி மூலையில் முட்டி போட்டிருந்தான். அவன் பக்கத்தில், தண்டனையாகச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்ட சக்கர நாற்காலி. இரண்டு முதுகுகளும் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகையில் அல்ல.

மாலையில் வீட்டுக்கு வந்து, மகளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, ரெஜினா வழக்கம்போலக் கேட்டாள். “இன்னைக்கு என்ன நடந்துச்சி?”

“ஒண்ணும் நடக்கல” என்றாள் ஷைனி.

ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் எல்லா அம்மாக்களிடமும் சொல்கிற பதில். ரெஜினா அதற்காகத்தான் சண்டை போட்டிருந்தாள். ஆனாலும் அது அவளுக்கு எங்கோ குத்தியது. இத்தனை நாள் திறந்தே கிடந்த வீட்டில் ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது போல இருந்தது.

நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தாள். இருக்கைக்குக் கீழே மாற்று உடையும் துண்டும் வைக்கும் பை ஒன்று உண்டு. துண்டு ஈரமாக இருந்தது. உதறினாள். கடல் மணல் கொட்டியது. மணலோடு ஒரு நண்டுக் காலும் விழுந்தது.

ரெஜினா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பள்ளி வாசலில் எல்லாப் பிள்ளைகளின் பையையும் சோதிப்பார்கள். இந்தப் பையை மட்டும் யாரும் திறப்பதில்லை.

“ஏட்டி. இது எப்படி இதுக்குள்ள வந்துச்சி?”

ஷைனியின் வலது காலுறைக்குள் கட்டைவிரல் ஒருமுறை எழுந்து, யோசித்து, படுத்தது. மறுபடி எழுந்தது.

“தெரியலம்மா. நண்டுக்குத்தான் தெரியும்.”

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நந்தகோபால்.

“அக்கா, சும்மாதான் கேக்கறேன். பாப்பா பட்டையில இன்னைக்கு மத்தியானம் செம போக்குவரத்து. உள்ள எழுந்தது ஒண்ணு, வெளிய விட்டது ஒண்ணு. ரெண்டுமே எங்ககிட்டப் பதிவாகுது, தெரியுமில்ல? வேணும்னா உள்ள எழுந்ததை உங்க போனுக்கு அனுப்பறேன். பெத்தவங்க கேட்டா குடுக்கலாம்னு விதி இருக்கு.”

ரெஜினா கட்டிலைப் பார்த்தாள். ஷைனி அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்பதை ஒரே ஒரு சொல்லில் தெரிந்துகொள்ளலாம். ‘அனுப்புங்க’ என்ற அந்தச் சொல்தான் அவள் தொண்டைக்கு முதலில் வந்தது.

அதை விழுங்கினாள்.

“வேண்டாம் தம்பி. அதெல்லாம் அழிச்சிருங்க. இனிமேலும் உள்ளது உள்ள கெடக்கட்டும், சேத்து வைக்காதீங்க.”

“சரிக்கா, பேசிப் பாக்கறேன்.” அவனுக்கு இன்னும் ஆவல் அடங்கவில்லை. “ஆனா அப்படி என்னதான் ஆச்சு ஸ்கூல்ல?”

“ஒண்ணும் நடக்கல தம்பி” என்றாள் ரெஜினா. நண்டுக்காலைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளினாள்.